மூச்சு வாங்குகிறவரை எப்படி உட்கார வைப்பது, எப்படிப் படுக்க வைப்பது?

வீட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சுற்றி இருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "கொஞ்ச நேரம் படுங்க, சரியாயிடும்." தலைசுற்றலுக்கும் களைப்புக்கும் அது சரி. மூச்சுத் திணறலுக்கு அதைப் போலக் கெடுதல் செய்வது வேறில்லை. மல்லாக்கப் படுத்த சில நிமிடங்களில் திணறல் கூடும். அவர் எழுந்து உட்காரப் பார்ப்பார். "அசையாம படுங்க" என்று தோளைப் பிடித்து அழுத்துவார்கள். அந்த நேரத்தில் நோயாளியின் உடம்புதான் சரியாகச் சொல்கிறது. அது கேட்கும் நிலையில் அவரை வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வீட்டில் புதிதாக நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியவர்கள், வீட்டுப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவர்கள், நர்சிங் படிப்பின் முதல் ஆண்டில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். உடலை வைக்கும் விதம் மருந்துக்கோ ஆக்சிஜனுக்கோ மாற்று ஆகாது. ஆனால் செலவில்லாமல், உடனே, யாரும் செய்யக்கூடியது இது. மருந்து வேலை செய்யும் வரை, வண்டி வரும் வரை நோயாளியைத் தாங்கிப் பிடிப்பதும் இதுதான்.

படுத்தால் ஏன் திணறல் கூடுகிறது

காரணம் மூன்று. இவை புரிந்துவிட்டால் கீழே வரும் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

முதலாவது உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தசைதான் மூச்சை உள்ளே இழுக்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது. நிமிர்ந்து உட்காரும்போது குடலும் ஈரலும் கீழே இறங்கி, அது அசைய இடம் கொடுக்கும். மல்லாக்கப் படுத்தால் அவை உதரவிதானத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளும். இயல்பாக மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். நிற்கும்போது இருப்பதைவிடப் படுக்கும்போது அந்தக் காற்று ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைகிறது. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இது தெரியவே தெரியாது. ஏற்கெனவே இருப்பு குறைந்தவருக்கு அந்த அரை லிட்டர்தான் எல்லாம்.

இரண்டாவது ரத்தம். உட்கார்ந்திருக்கும்போது கால்களிலும் வயிற்றிலும் தங்கும் ரத்தத்தில் ஒரு பகுதி, படுத்ததும் நெஞ்சுக்குத் திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அந்தக் கூடுதல் ரத்தத்தைத் தள்ளிவிட முடியாமல், அது நுரையீரலில் தேங்கி நீர் கசியும்.

மூன்றாவது புவியீர்ப்பு. உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, நுரையீரலின் அந்தக் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் அதிகம் போகும். ரத்தம் போகும் இடத்துக்குக் காற்றும் போனால்தான் ஆக்சிஜன் ஏறும். ஒருபக்க நிமோனியாவில் எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பதும், குப்புறப் படுக்க வைப்பது ஏன் உதவுகிறது என்பதும் இதிலிருந்தே வருகின்றன.

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம் போட்டு நான்கு விஷயங்களை எழுதுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேச முடிகிறதா, தெளிவாக இருக்கிறாரா அல்லது தூங்கி வழிகிறாரா.

மூச்சை எண்ணும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு பிசகினாலும் கணக்கில் நான்கு மூச்சு பிசகும். எண்ணுவதாக நோயாளிக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால் மூச்சு விடும் விதம் மாறிவிடும். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வயிறு ஏறி இறங்குவதை எண்ணுவது நல்ல வழி. ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு.

பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிய உடனே தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பூச்சு இருந்தால் அழியுங்கள், கையை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்த பிறகு நிலைத்து நிற்கும் எண்ணை எழுதுங்கள். பொதுவாக 94 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. உள்ள பலருக்கு டாக்டர்கள் 88 முதல் 92 வரை போதும் என்று வைப்பார்கள். உங்கள் நோயாளிக்கு எந்த எண் என்பதை முன்னாலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு நிற்கிறார், நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு, உதடும் நாக்கும் நீலம் பாய்கிறது, ஆக்சிஜன் 90-க்குக் கீழே (டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அந்த எண்ணுக்குக் கீழே) போகிறது, குழப்பமாகப் பேசுகிறார், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் உடனே அழையுங்கள். அழைத்துவிட்டுத்தான் தலையணையைத் தேட வேண்டும். இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். நீண்ட நேரம் திணறிக்கொண்டிருந்தவர் திடீரென அமைதியாகித் தூங்கி வழிந்தால், "அப்பாடா, தூங்கிட்டார்" என்று விட்டுவிடாதீர்கள். மூச்சுத் தசைகள் சோர்ந்து, உடம்பில் கரியமிலவாயு ஏறியதன் அடையாளமாக அது இருக்கலாம். எழுப்பிப் பாருங்கள், எழுந்து தெளிவாகப் பேசாவிட்டால் அவசரம்.

கட்டிலில் சாய்த்து உட்கார வைப்பது

காரணம் தெரியாத திணறலுக்கு முதலில் செய்ய வேண்டியது இது. முதுகு 45 முதல் 60 டிகிரி வரை நிமிர்ந்திருக்க வேண்டும். திணறல் கடுமையாக இருந்தால் கிட்டத்தட்ட 90 வரை போகலாம். நம் கண் கோணத்தைச் சரியாக அளக்காது. 30 டிகிரியில் சாய்ந்திருப்பவரைப் பார்த்து நன்றாக நிமிர்ந்திருப்பதாக நினைப்போம். வீட்டில் 70 செ.மீ. நீளமுள்ள முதுகுப் பலகை இருந்தால், அதன் மேல்முனை மெத்தையிலிருந்து 35 செ.மீ. உயர்ந்தால் 30 டிகிரி, 50 செ.மீ. என்றால் 45, 60 செ.மீ. என்றால் 60. டேப்பை வைத்து ஒருமுறை அளந்து சுவரில் பென்சில் கோடு போட்டுவிட்டால், பிறகு யார் வந்தாலும் அதே கோணத்தில் வைக்கலாம்.

தலைப்பகுதி தூக்கும் மருத்துவமனைக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும். கிடைக்கும் வரை கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும். அதைக் கட்டிலின் தலைமாட்டில் தலைகீழாகக் கவிழ்த்தால், அதன் முதுகு சரிவாக மேலே வரும். கால்களைத் தலைமாட்டுக் கம்பியோடு புடவைத் துண்டால் இறுகக் கட்டி, மேலே தலையணைகளை அடுக்குங்கள். கட்டாமல் விட்டால் நோயாளி சாயும்போது நாற்காலி பின்னால் நழுவும்.

இனி வரிசையாக.

முதலில் இடுப்பு. நோயாளியின் இடுப்பு, கட்டில் மடியும் இடத்தில் அல்லது முதுகுச் சரிவு தொடங்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் முதுகைத் தூக்கவே கூடாது.

அடுத்து முழங்கால். தலைப்பக்கத்தை உயர்த்துவதற்கு முன்பே முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு தலையணையோ சுருட்டிய போர்வையோ வையுங்கள். இது அவர் கீழே சறுக்குவதைத் தடுக்கும். வயிற்றுத் தசையும் தளரும். பாதங்கள் எட்டும் இடத்தில் இன்னொரு தலையணையை நிறுத்தினால் உதைத்துக்கொள்ளப் பிடிமானம் கிடைக்கும்.

பிறகு முதுகு. மெதுவாக உயர்த்துங்கள். ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்களும் வெகுநாள் படுக்கையில் இருப்பவர்களும் திடீரென நிமிர்த்தினால் கண் இருட்டிச் சாய்வார்கள். 30 டிகிரியில் ஒரு நிமிடம் நிறுத்தி, தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

தலையணை அடுக்கும் முறையில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. இரண்டு மூன்று தலையணைகளைத் தலைக்கு அடியில் மட்டும் வைப்பார்கள். தலை முன்னால் தள்ளி, தாடை நெஞ்சில் இடிக்கும். தொண்டையில் காற்று போகும் வழி சுருங்கும். முதுகு படுத்த நிலையிலேயே இருக்கும். முதல் தலையணை இடுப்புக்கு மேலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது முதுகின் நடுவிலிருந்து. மூன்றாவது, மெல்லியதாக, தோளிலிருந்து தலைவரை. முடித்ததும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காதும் தோளும் ஏறக்குறைய ஒரே கோட்டில், தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே நான்கு விரல் போகிற இடைவெளியோடு இருக்க வேண்டும். கெட்டியான தலையணை உறுதியாக நிற்கும். மெத்தென்ற தலையணை சீக்கிரம் அமுங்கிவிடும், அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாகக் கைகள். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 60 கிலோ உள்ளவருக்கு ஒவ்வொரு கையும் 3 கிலோ. கைகள் தொங்கினால் அந்த எடையை ஒவ்வொரு மூச்சிலும் கழுத்தும் தோளும் சேர்ந்து தூக்குகின்றன. இரு பக்கமும் தலையணை வைத்து முழங்கையிலிருந்து விரல்வரை தாங்குங்கள். தோள் இறங்கித் தளர்வதை உடனே பார்க்கலாம்.

எல்லாம் முடிந்ததும் 5 நிமிடம் கழித்து ஒருமுறை, 15 நிமிடம் கழித்து ஒருமுறை, முன்பு எழுதிய அதே நான்கையும் மறுபடி எழுதுங்கள். நகர்த்துவதே நோயாளிக்கு உழைப்பு என்பதால் முதல் ஓரிரு நிமிடம் ஆக்சிஜன் இரண்டு மூன்று புள்ளி இறங்கலாம். அதைக் கண்டு பதறி உடனே மாற்ற வேண்டாம். 5 முதல் 10 நிமிடத்தில் பழைய அளவுக்கு வரவில்லை என்றாலோ, அவர் "இது முடியல" என்று சொன்னாலோ பழைய நிலைக்கே போங்கள்.

கீழே சறுக்கிவிட்டால்

நன்றாக உட்கார வைத்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், நோயாளி கட்டிலில் ஓரடி கீழே இறங்கியிருப்பார். இப்போது உடம்பு இடுப்பில் மடியவில்லை, விலா எலும்புக்குக் கீழே மடிந்திருக்கிறது. வயிறு மடிந்து மேலே தள்ளுகிறது. பெயருக்கு அவர் 45 டிகிரியில் இருக்கிறார்; அவருடைய உதரவிதானத்துக்கு அது மல்லாக்கப் படுத்ததைவிட மோசம். "நேத்து உட்கார வச்சப்போ நல்லா இருந்தது, இன்னிக்கு அதே மாதிரி வச்சும் மூச்சு வாங்குது" என்று யாராவது சொன்னால், முதலில் இடுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மேலே இழுக்க இரண்டு பேர் வேண்டும். பருத்திப் பெட்ஷீட் ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வருமாறு நோயாளிக்கு அடியில் எப்போதும் விரித்து வையுங்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று, துணியை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். தலைப்பக்கத்தை அவரால் தாங்க முடிகிற அளவுக்கு, சில விநாடி மட்டும், இறக்குங்கள். முழங்காலை மடித்துக் குதிகாலால் உந்தச் சொல்லி, மூன்று எண்ணி ஒன்றாகத் தூக்கி நகர்த்துங்கள். அக்குளில் கை கொடுத்து இழுப்பது கூடாது. பக்கவாதத்தால் தளர்ந்த கை என்றால் தோள் மூட்டே இறங்கிவிடும். துணியைத் தூக்காமல் தரதரவென்று இழுத்தால் முதுகுத் தோல் உரியும்.

முன்னால் சாய்ந்து உட்காருவது

சி.ஓ.பி.டி., ஆஸ்துமா உள்ளவர்கள் திணறல் வந்ததும் தாங்களாகவே முழங்காலில் கையூன்றி முன்னால் குனிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் திருத்த வேண்டாம். இவர்களுக்குக் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் சிரமம். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றால் நுரையீரல் உப்பி, உதரவிதானம் தட்டையாகிக் கிடக்கும். தட்டையான தசைக்கு இழுவிசை குறைவு. முன்னால் குனியும்போது வயிற்று உறுப்புகள் அதைக் கீழிருந்து தாங்கி மறுபடி வளைவாக்கும். கைகள் ஊன்றி நிலைத்திருப்பதால் கழுத்துத் தசையும் மார்புத் தசையும் விலாக்கூட்டைத் தூக்க உதவும். முன் சொன்ன சாய்மான நிலையைவிட இவர்களில் பலருக்கு இது நன்றாக வேலை செய்கிறது.

எளிய வழி: நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதித்து, கால்களை அகட்டி, இடுப்பிலிருந்து குனிந்து முன்கைகளைத் தொடைமேல் வைப்பது. நீண்ட நேரத்துக்கு, எதிரே மேசை போட்டு அதன்மேல் இரண்டு தலையணை வைத்து, கைகளை மடக்கி அதில் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம். தூக்கம் வராத இரவுகளில் இப்படியே தூங்குகிறவர்கள் உண்டு. மேசை சக்கரம் உள்ளது என்றால் சக்கரத்தைப் பூட்டுங்கள். நடக்கும்போது திணறினால் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை ஓரடி முன்னால் வைத்து, தோளைத் தளர்த்திக் கைகளைத் தொடையில் ஊன்றலாம்.

குனிவது இடுப்பில் நடக்க வேண்டும். முதுகு வளைந்து வயிறு அமுங்கினால் பலன் போய்விடும். வேட்டியின் இடுப்புக்கட்டு, பாவாடை நாடா, பெல்ட் எதுவானாலும் முதலில் தளர்த்திவிடுங்கள். பிறகு மூக்கால் இரண்டு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் நேரம் விடச் சொல்லுங்கள். சின்னக் கைவிசிறியோ பேட்டரி விசிறியோ கன்னத்திலும் மூக்கிலும் காற்று படுகிற மாதிரி பிடித்தால், ஆக்சிஜன் எண் மாறாவிட்டாலும் திணறல் உணர்வு தணியும். இன்ஹேலர் இருந்தால் உட்கார்ந்த நிலையில், ஸ்பேசரோடு (இன்ஹேலரின் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் கூடு) கொடுங்கள். படுத்தபடி கொடுக்க வேண்டாம்.

நோயைப் பார்த்து மாற்ற வேண்டியவை

இதயம் பலவீனமானவர்களுக்கு நிமிர்ந்து உட்காருவதோடு கால்களைத் தொங்கப் போடுவதும் வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முதுகுக்குத் தாங்கல் கொடுத்து, காலைக் கீழே விடுங்கள். நெஞ்சுக்குத் திரும்பும் ரத்தம் குறையும். "கால் வீங்கியிருக்கே, தூக்கி வைக்கலாம்" என்று நினைப்பது இயல்பு. திணறல் இருக்கும் நேரத்தில் அதைச் செய்யாதீர்கள். தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் திணறி எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பது இவர்களிடம் காணும் முக்கிய அறிகுறி. எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான். ஒரு தலையணையில் தூங்கியவர் ஒரே வாரத்தில் மூன்றுக்கு வந்துவிட்டார் என்றால், அல்லது மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் நிமோனியா உள்ள பெரியவருக்கு, நல்ல பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ரத்தம் நல்ல நுரையீரலுக்கு அதிகம் போகும். அங்கே காற்றும் இருக்கிறது. தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்தே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, மேல் கைக்கு அடியில் ஒன்று, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. இந்த விதிக்கு விலக்குகள் உண்டு, அவை விதியைவிட முக்கியம். இருமலில் ரத்தம் வந்தாலோ நுரையீரலில் சீழ்க்கட்டி இருந்தாலோ நோயுள்ள பக்கம்தான் கீழே இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் ரத்தமும் சீழும் நல்ல நுரையீரலுக்குள் வழியும். ஒரு நுரையீரலை அறுவை சிகிச்சையில் முழுதாக எடுத்தவர்களை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை அறுவை செய்த டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் காற்று பரவும் விதம் வேறு என்பதால் இந்த விதி அப்படியே பொருந்தாது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பவர்களில் சிலருக்கு ஒரு பக்கமும் சிலருக்கு மறுபக்கமும் வசதியாக இருக்கும். அவர் தேர்ந்தெடுக்கும் பக்கத்தை மதியுங்கள். நெஞ்சில் டியூப் போட்டிருந்தால் பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே, டியூப் மடியாமல் இருக்க வேண்டும்.

உடல் பருமன் உள்ளவர்களையும், ஈரல் நோயால் வயிற்றில் நீர் கட்டியவர்களையும் 90 டிகிரியில் செங்குத்தாக உட்கார வைத்தால் தொடை வயிற்றை மேலே நெருக்கும். இவர்களுக்கு 45 டிகிரி அளவில், கால் கொஞ்சம் இறங்கி, வயிறு முன்னால் தளர்ந்து விழ இடம் இருப்பது நல்லது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. உயரத்துக்கு உறுதியான கட்டைகள் கொடுத்தால் உடம்பு மடியாமலே மொத்தமாகச் சாயும். ஈரல் நோயாளிகளில் அரிதாகச் சிலருக்கு உட்கார்ந்தால் ஆக்சிஜன் இறங்கி, படுத்தால் ஏறும். எண் அப்படிக் காட்டினால் அதை நம்பி டாக்டரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளை, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தி ரத்த அழுத்தத்தை இறக்கும். சாய்ந்து உட்கார வைக்கலாம். படுக்க வேண்டுமென்றால் இடது பக்கம் ஒருக்களித்து.

மூக்குக் குழாயில் உணவு கொடுக்கப்படுகிறவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் புரை ஏறுவதே பெரிய ஆபத்து. கஞ்சி கொடுக்கும்போதும் கொடுத்த பிறகு குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரியில் இருக்க வேண்டும். பெட்ஷீட் மாற்ற, உடம்பு துடைக்கப் படுக்க வைக்கும் வேலைகளை உணவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். எந்த நோயானாலும், திணறிக்கொண்டிருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மயங்கிவிட்டவரைச் சாய்த்து உட்கார வைக்கவே கூடாது. நாக்கு பின்னால் விழுந்து மூச்சுவழி அடைபடும். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பித் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை (சி.பி.ஆர்.) தொடங்க வேண்டும்.

குப்புறப் படுத்தல்

கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட முறை. அதற்கு முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்தது. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் நடந்து 2013-இல் வெளியான ப்ரோசீவா ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கடுமையான நுரையீரல் பாதிப்பு நோயாளிகளைத் தினமும் குறைந்தது 16 மணி நேரம் குப்புற வைத்தபோது, 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். வழக்கம்போல் மல்லாக்க வைத்தவர்களில் 32.8 சதவீதம். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாக்கப் படுக்கும்போது இதயமும் வயிறும் அதை அழுத்துகின்றன. கவிழ்த்தால் அந்தப் பகுதி விரிகிறது, ரத்தமும் அங்கே தொடர்ந்து போகிறது.

விழிப்போடு இருந்து தானாகவே மூச்சு விடுகிறவர்களுக்காக 2021 ஏப்ரலில் இந்தியச் சுகாதார அமைச்சகம் வீட்டு வழிமுறை ஒன்றை வெளியிட்டது. அது கோவிட் நோயாளிக்கு, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கும்போது செய்வதற்கானது. மேலே சொன்ன இதயநோய்க்கும் சி.ஓ.பி.டி.க்கும் இதை எடுத்துப் பொருத்தாதீர்கள். நான்கைந்து தலையணை தேவை: கழுத்துக்கு அடியில் ஒன்று, மார்பிலிருந்து தொடையின் மேல்பகுதி வரை ஒன்றோ இரண்டோ, கணுக்காலுக்கு மேல் முன்கால்களுக்கு அடியில் இரண்டு. தலையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, ஆக்சிஜன் குழாய் கன்னத்தில் நசுங்கவில்லை என்று பாருங்கள். குப்புற, வலது பக்கம், நிமிர்ந்து உட்கார்ந்து, இடது பக்கம், மறுபடி குப்புற என்று ஒவ்வொன்றிலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. கர்ப்பிணிகள், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து சிகிச்சை தொடங்கி 48 மணி நேரம் ஆகாதவர்கள், பெரிய இதயக் கோளாறு உள்ளவர்கள், முதுகெலும்பு, தொடை, இடுப்பு எலும்பு முறிவு உள்ளவர்கள் செய்யக்கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவரையோ தானாகத் திரும்ப முடியாதவரையோ வீட்டில் கவிழ்த்துப் போடாதீர்கள். கைக்குழந்தையையும் அப்படித்தான்: ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் கவிழ்த்து வைத்திருக்கலாம், வீட்டில் தூங்கும்போது மல்லாக்கத்தான்.

தோலையும் பாருங்கள்

நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. 30 டிகிரிக்கு மேலே போனால் வால் எலும்பின் மேல் எடை குவியும். சறுக்கும்போது தோலும் உள்சதையும் எதிரெதிரே இழுபடும். படுக்கைப்புண் அங்கேதான் தொடங்கும். படுத்திருப்பவருக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுவது வழக்கம். திணறலால் படுக்கவே முடியாதவருக்கு, உட்கார்ந்த நிலையிலேயே ஒரு பக்கப் பிட்டத்துக்கு அடியில் மடித்த துண்டைச் செருகி, அரை மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் வளையக் குஷன் வேண்டாம். அதன் ஓரம் சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நம் தோல் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அந்த இடத்தில் இனி எடை விழக்கூடாது.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து இயந்திரம்வரை விரலால் தடவிப் பாருங்கள். திருப்பிய பிறகு ஆக்சிஜன் இறங்கினால், நிலையைக் குறை சொல்வதற்கு முன் குழாய் முதுகுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று தேட வேண்டும். சிறுநீர்ப் பை இடுப்பு மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்.

வண்டியில் ஏற்றும்போது

பெரிய திணறலோடு இருப்பவரைக் காரின் பின் இருக்கையில் நீட்டிப் படுக்க வைத்து, மடியில் தலையை வைத்துக்கொண்டு போவது இன்னும் நடக்கிறது. காரில் போகத்தான் வேண்டும் என்றால், முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து உட்கார வைத்து பெல்ட் போடுங்கள். மடியில் ஒரு தலையணை கொடுத்தால் கையை ஊன்றிக்கொள்வார். மாடிப்படியில் அவரை நடக்க விடாதீர்கள், நாற்காலியில் உட்கார வைத்தே இறக்குங்கள். ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள். அவசரப் பிரிவில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எந்த நிலையில் எண் எவ்வளவு இருந்தது, எப்படி வைத்தால் இறங்கியது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: "படுத்தா 86, உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டா 92." ஸ்கேனுக்காக அவரை மல்லாக்கப் படுக்க வைக்கும் முன் அங்கிருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி தெரிந்திருக்க வேண்டும்.